இருமல் ஓட்டலின் பெயர்ப்பலகை

1

இந்த நகரத்தில் மாடிப்படிகளை வீட்டுக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் அன்பர்களுக்கு இதில் வியப்பு ஏதும் தோன்றாது. நம் ஊரிலும் பல வீடுகளில் படி வெளியேதான் ஏறுகிறது. ஆனால் நம் ஊரில் படியின்மேல் பனி உறைவதில்லை. கனடாவின் இந்த மொன்றியலில் இரும்புப் படிகள் சங்குபோல் சுழன்று தெருவுக்கு இறங்குகின்றன. பார்ப்பதற்கு அத்தனை அழகு. ஆண்டில் பாதி நாள் அவற்றில் கால் வைப்பவன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தன் குலதெய்வத்தை நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள் இடம் மிச்சமாகிறது, அண்டை வீட்டார் முகம் பார்த்துக்கொள்கிறார்கள் என்று இங்குள்ளோர் நியாயம் சொல்வார்கள். வழுக்கி விழுந்தவரின் முகத்தையும் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

கருத்துச் சொல்வது எனக்கு நோய். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஓட்டல் கல்லாவில் அமர்ந்தபடி, பொட்டலம் கட்ட வந்த பழைய இதழ்களின் எழுத்துகளையும் படங்களையும் பார்த்துப் பார்த்துப் பழகியவன். எவர்சில்வர் டம்ளரின் மடித்த விளிம்பைப் போல் நிறைவான வடிவம் இன்னொன்றில்லை என்று இன்றும் சாதிப்பேன். கொதிக்கும் காப்பியை அந்த விளிம்பில் இரண்டு விரல் வைத்துத் தூக்கிவிடலாம். இங்கே காகிதக் கோப்பையைக் கொடுத்து, அது சுடும் என்று அதன்மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். சுடும் என்று எழுதத் தெரிந்தவனுக்குச் சுடாமல் செய்யத் தெரியவில்லை.

"அப்பா, எல்லாத்துக்கும் மார்க் போடாதீங்க" என்பாள் என் மகள் தேன்மொழி. மனைவி காலமான பின் என்னை இங்கே அழைத்துக்கொண்டவள் அவள்.

சென்ற மாதம் அவளே ஒன்றைக் காட்டி மார்க் போடச் சொன்னாள். அவள் தொடங்கவிருக்கும் உணவகத்தின் பெயர்ப்பலகை, கணினித் திரையில். நீலத்தின்மேல் வெள்ளைத் தமிழ் எழுத்துகள். என் தகப்பனார் பெயர். அதை அடுத்து எங்கள் சாதிப்பட்டம். அதை அடுத்து 'ஓட்டல்'. எங்கள் பழைய கடையின் திறப்புவிழாப் புகைப்படத்திலிருந்து எழுத்தின் வளைவு மாறாமல் எடுத்திருந்தாள் இசபெல் என்னும் இவ்வூர் வடிவமைப்பாளர்ப் பெண்.

"எப்படிப்பா இருக்கு? ஒரிஜினல்!"

எழுத்து என்னுடையது. பென்சிலால் நான் வரைந்தது. ஆயினும் மார்க் போடாமல் எழுந்து போனேன்.

அந்தப் பட்டத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்பதைச் சொல்லவே இக்குறிப்பு.

2

என் தகப்பனார் பெரியசாமி, கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஓட்டல் நடத்தினார். கட்டடம் சிறியது. முன்னால் அகன்ற வாசல்; உள்ளே இருபுறமும் கடப்பைக்கல் மேசைகள்; பின்னால் சமையலறை. பக்கச் சுவரில், சந்தைப் பார்த்தபடி, கம்பியில்லாத ஒரு சன்னல். அதன் கீழ்க்கட்டை மட்டும் கருங்கல், ஒரு டம்ளர் வைக்கும் அகலம்.

அது காற்றுக்காக வைத்த சன்னலன்று. ஊரில் சிலர் வாசலால் வந்து மேசையில் அமர்வார்கள். சிலர் சந்தில் நின்று சன்னலில் தேநீர் வாங்குவார்கள். யார் எங்கே என்று எழுதிவைத்த அறிவிப்பு எதுவும் கடையில் இல்லை. எழுதத் தேவையில்லாதபடி சுவரே கட்டப்பட்டிருந்தது. கட்டடக்கலையைப் பற்றி நான் பின்னாளில் எத்தனையோ படித்திருக்கிறேன். செங்கல்லால் மனிதர்களை வரிசைப்படுத்தலாம் என்பதை அந்தச் சன்னலைப் போல் எந்தப் புத்தகமும் எனக்குக் காட்டவில்லை.

தகப்பனார் மறைந்து கடை என் கைக்கு வந்ததும், எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒரு கொத்தனாரை வரவழைத்து அந்தச் சன்னலை அடைத்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. அப்போது ஊரில் பல கடைகள் அப்படி மாறிக்கொண்டிருந்தன. பழைய வாடிக்கையாளர்கள் சிலர் முகம் சுளித்து வேறு கடைக்குப் போனார்கள். வேறு சிலர் வந்தார்கள். புதுப் பூச்சு பழைய பூச்சோடு சேரவில்லை. சதுரமாக ஒரு தழும்பு சுவரில் நின்றது. தேன்மொழி சிறுமியாக இருந்தபோது அந்தச் சதுரத்தில் கரித்துண்டால் மூன்று கோடு போட்டு, ஸ்டம்பாக வைத்து, சந்தில் பந்து விளையாடுவாள்.

சன்னலை மூடியவன் பலகையைத் தொடவில்லை. தகப்பனார் பெயரும் பட்டமும் ஓட்டலும் ஒரே வரிசையில் மேலே இருந்தன. நம் எழுத்துகளுக்கு வளைவு அதிகம். அவற்றுக்கு மூச்சுவிட இடம் வேண்டும். அந்த இடத்தை அளந்து அளந்து நான் வரைந்த பலகை அது. எனவே அதன் சொற்களைவிட அதன் இடைவெளிகளையே அதுவரை பார்த்துக்கொண்டிருந்தேன் போலும்.

3

பிறகு இடஒதுக்கீட்டுப் போராட்ட ஆண்டுகள் வந்தன.

படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்டு மக்கள் சாலைக்கு வந்த காலம் அது. கேட்டவர்களிடம் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சேலம் சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பேருந்துகள் நின்ற இடத்திலேயே நின்றன. கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் புளியும் விற்க வந்த மலைக்காரர்கள் திரும்ப வழியின்றி எங்கள் கடைக்குள்ளேயே மூட்டைமேல் படுத்துக்கிடந்தார்கள். கதவைப் பாதி சாத்திக்கொண்டு, இருந்த மாவுக்கு இட்லி ஊற்றினோம்.

அந்நாள்களில் ஒன்றைக் கவனித்தேன். தெருவில் கூட்டமாக வந்தவர்கள், எந்தக் கூட்டமாக இருந்தாலும், முதலில் கடைக்காரன் முகத்தைப் பார்க்கவில்லை. தலைக்குமேல் பலகையைப் பார்த்தார்கள். படித்துவிட்டுத்தான் கண்ணைக் கீழே இறக்கினார்கள். ஒரு பக்கத்தார் கல் எறியாமல் போனதும், மறுபக்கத்தார் முறைத்துவிட்டுப் போனதும், நான் அழகு பார்த்து வரைந்த அந்த நடுச்சொல்லால்தான்.

பெயின்டரை அழைத்து, நடுச்சொல்லின்மேல் நீலம் பூசச் சொன்னேன். அச்சம் பாதி, அலுப்பு பாதி. அவர் பூசிவிட்டு, மறுநாள் வந்து பலகை முழுவதையும் புதிதாக எழுதித் தருவதாகச் சொல்லித் தம் ஊருக்குப் போனார். சாலை அடைபட்டு அங்கேயே தங்கிவிட்டார்.

விளைவைக் கேளுங்கள். வெயிலில் வெளுத்த பழைய நீலத்தின் நடுவே புதிய நீலம் ஈரத்துணி போல் பளபளத்தது. ஒரு பக்கம் 'பெரியசாமி', மறுபக்கம் 'ஓட்டல்', நடுவே மினுமினுக்கும் ஒரு பட்டை. அதுவரை அந்தச் சொல்லைக் கவனிக்காமல் கடந்தவர்களும் நின்று அதைப் படித்தார்கள்.

நைனார்பாளையத்து இளைஞன் ஒருவன், எங்கள் ஆட்களில் ஒருவன், சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தான்.

"இன்னா மாமா, பட்டத்தத் தொடச்சிட்டீங்க? வெக்கமா கீதா, பயமா கீதா?"

"பெயின்ட் வேலை நடக்குது தம்பி."

"வேல பாதில நின்னுகினு கீதே மாமா. மீதிய நான் எழுதட்டா?"

அவன் போன சற்று நேரத்தில் மற்றொரு பக்கத்தைச் சேர்ந்த வாடிக்கையாளர் காப்பியை ஆற்றியபடி மேலே காட்டினார். "அழிச்சிட்டா தெரியாதுன்னு நெனச்சீங்களா? முன்ன கிட்ட வந்தா தான் தெரியும். இப்ப பஸ் ஸ்டாண்டுல இருந்தே தெரியுதுங்க."

சாலை திறந்த பிறகு நடந்ததுதான் உச்சம். டவுன் பஸ் நடத்துனர் ஒருவர் எங்கள் கடைக்கு எதிரே பயணிகளை இறக்கிவிடும்போது பலகையைப் பார்த்து உரக்கப் படிப்பார். நடுவில் வந்ததும் தொண்டையைக் கனைத்து இருமுவார். "பெரியசாமி... க்ஹும்... ஓட்டல்லாம் எறங்கு!" பேருந்தே சிரிக்கும். சில வாரங்களில் பெயரை விட்டுவிட்டார். இருமலை மட்டும் வைத்துக்கொண்டார். "இருமல் ஓட்டல்லாம் எறங்கு, எறங்கு, சீக்கரம்!"

கடை இருமல் ஓட்டலாயிற்று. கல்யாணச் சமையலுக்கு முன்பணம் கொடுக்க வந்தவர்கூட "இருமல் ஓட்டல் மொதலாளி கீறாரா?" என்றுதான் விசாரித்தார். பெயின்டர் திரும்பிவந்து தூரிகையை எடுத்தபோது என் மனைவி தடுத்துவிட்டாள். "இந்தப் பேர்ல தான் நாலு பேர் வர்றாங்க. ஜாஸ்தி அழகு பாக்காதீங்க."

பெரிய நிறுவனங்கள் கோடிக்கணக்கில் கொட்டியும் மக்கள் வாயில் ஒரு பெயரை நிறுத்த முடியாமல் திண்டாடுவதை இங்கே பார்க்கிறேன். எனக்கு அது இலவசமாகக் கிடைத்தது. நான் மறைத்த சொல்லே என் கடைக்கு முத்திரையாயிற்று. கடையை விற்கும் வரையில், காலையில் கதவைத் திறக்கையில் அண்ணாந்து பார்க்காமலே உள்ளே போகப் பழகிக்கொண்டேன்.

4

தேன்மொழியின் உணவகத்துக்குச் சமையற்காரர் சூசை. எங்கள் ஊரில் சன்னலில் தேநீர் வாங்கியவர்களின் குடியிருப்பான கருணாபுரத்தில் பிறந்து, சென்னையில் கப்பல் கம்பெனியில் சமைத்து, கடல் கடந்து இங்கே இறங்கியவர்; இப்போது ஐம்பது கடந்த மனிதர். முதல் நாள் என்னைக் கண்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்:

"எந்தூருங்க? கள்ளக்குறிச்சியா? அட, இருமல் ஓட்டல் வூட்டு அண்ணாவா நீங்க!"

இத்தனை கடல் தாண்டி அந்தப் பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அதன்பின் நாள்தோறும் சமையலறையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவரோடு பேசுவதே என் வேலையாயிற்று. இங்குள்ள குழாயைத் தூக்குவதா, திருகுவதா, கையை நீட்டிக் கும்பிடுவதா என்று ஒவ்வொரு கழிப்பறையிலும் புதிதாகக் கற்க வேண்டியிருப்பதைப் பற்றி நான் ஆற்றிய சொற்பொழிவுகளை எல்லாம் வெங்காயம் நறுக்கியபடி பொறுமையாகக் கேட்ட ஒரே மனிதர் அவர்.

இனி நாள்தோறும் அவர் அந்தப் பலகையின் கீழ் நுழைந்து வேலைக்கு வரவேண்டும். நான் மார்க் போடாமல் எழுந்ததற்குக் காரணம் அதுதான்.

மகளிடம் சொன்னேன். பட்டத்தை எடுத்துவிடு என்றேன்.

"ஏம்ப்பா? அது நம்ம பேரோட ஒரு பார்ட். இங்க எல்லா ரெஸ்டாரன்ட்டும் ஃபேமிலி பேர் தான் வெக்கறாங்க. இத்தாலிக்காரன் வெச்சா அழகு, நாம வெச்சா தப்பா?"

"நம்ம பேர் வேற, அது வேற."

"தாத்தா போர்டுல அவரே வெச்சது தானே?"

என் பேரன் கவின் குறுக்கே புகுந்தான். அவனுக்குத் தமிழ் காதுக்கு எட்டும், வாய்க்கு எட்டாது. கணினி விளையாட்டில் தன் பெயருக்குப் பின்னால் அந்தப் பட்டத்தைச் சேர்த்துவிட்டானாம். அது ஏதோ காட்டு விலங்கு என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறானாம். "தாத்தா, இட்ஸ் கூல்" என்றான். அவன் தாய் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் நான் பூசி மறைத்த சொல், பொருள் கழன்று, இரண்டு தலைமுறை தாண்டி, பல்லும் நகமும் உள்ள விலங்காக என் வீட்டுக்குள் திரும்பிவந்திருந்தது.

5

இந்த மாநிலத்தில் கடைப்பலகை வைப்பது எளிதன்று. பிரெஞ்சு மொழி மற்ற மொழியைவிட ஓங்கித் தெரிய வேண்டும் என்பது சட்டம். பலகையின் வரைபடத்தில் தமிழ்ச் சொற்களின் ஒலியை ஆங்கில எழுத்தில் குறித்துக்கொண்டு அலுவலகம் போனபோது தேன்மொழி என்னையும் உடனழைத்துச் சென்றாள். உரிமையாளரின் தகப்பனார் நேரில் இருந்தால் பெயரைப் பற்றிக் கேள்வி எழாது என்பது அவள் கணக்கு.

கண்ணாடி அணிந்த அம்மையார் ஒருவர் எங்களை அமரச் சொன்னார். நான் மிடுக்காக எழுந்து நின்று, காலைப் பொழுதில், 'போன்சுவா' என்று மாலை வணக்கம் சொன்னேன். அவர் புன்னகையோடு மாலை வணக்கத்தையே திருப்பிச் சொன்னார். இங்குள்ள அதிகாரிகளின் பண்பாட்டுக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். பிறகு, 'ஓட்டல்' என்றிருக்கிறதே, எத்தனை அறைகள் என்று விசாரித்தார். சாப்பாட்டுக் கடைக்கும் நாங்கள் அப்படித்தான் சொல்வோம் என்று மகள் விளக்க, அதன் கீழே பிரெஞ்சில் பெரிதாக உணவகம் என்று எழுதிவிடுங்கள் என்றார். முடிந்தது என்று நான் எழ முற்பட்டேன்.

அம்மையாரின் பென்சில் நடுச்சொல்லில் வந்து நின்றது.

"மொத வார்த்தை தாத்தா பேர்னு புரியுதாம்" என்றாள் தேன்மொழி. "ரெண்டாவதும் பேரான்னு கேக்கறாங்க. பேர்னா அப்படியே விட்டுடலாமாம். அர்த்தம் உள்ள சொல்லுன்னா பிரெஞ்சுல எழுதணுமாம். பேர்தான்னு சொல்லுங்கப்பா, கையெழுத்துப் போட்டுடுவாங்க."

திறப்புவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. அழைப்பிதழ்கள் போயிருந்தன. ஒரு தலையசைப்புப் போதும்.

"பேர் இல்லைன்னு சொல்லும்மா."

"அப்பா!"

"சொல்லு."

சொன்னாள். அம்மையார் ஆர்வத்தோடு முன்னால் சாய்ந்தார். அப்படியானால் இதன் பொருள் என்ன?

"மரியாதைப் பட்டம்னு சொல்லிடறேன்" என்றாள் மகள், பல்லைக் கடித்தபடி.

"இரு. நான் சொல்றத அப்படியே சொல்லு. எங்க கடைக்கு ஒரு வாசலும் ஒரு சன்னலும் இருந்துச்சு. சில பேர் வாசலால வந்து உக்காருவாங்க. சில பேர் சந்துல நின்னு சன்னல்ல வாங்கிக் குடிப்பாங்க. யாருக்கு வாசல், யாருக்கு சன்னல்னு சொல்றதுதான் இந்த வார்த்தையோட வேலை."

தேன்மொழி பிரெஞ்சில் தொடங்கினாள். விரைவாகத்தான் தொடங்கினாள். வாசல் வந்தது, எனக்குத் தெரிந்த சில சொற்களில் அதுவும் ஒன்று. சன்னல் வந்தது. அங்கே நின்றுவிட்டாள். அம்மையாரை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எந்த சன்னல்?"

"சந்துப் பக்கம் இருந்தது. நீ பொறக்கறதுக்கு முன்ன மூடிட்டேன்."

"நான் ஸ்டம்ப் வரைவனே, அந்த எடமா?"

"ஆமா."

அம்மையார் ஏதோ கேட்டார்; மகள் தலையை அசைத்துவிட்டு, வரைபடத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோதுதான், "வேற டிராயிங் கொண்டு வர்றோம்னு சொல்லிட்டேன்" என்றாள். கோபமா, வேறு ஏதாவதா என்று அந்தக் குரலிலிருந்து எனக்குத் தெரியவில்லை.

6

இசபெல் மாற்றிக் கொடுத்த வரைபடத்தை உணவகத்தின் மேசையில் விரித்தாள் தேன்மொழி.

அந்தப் பெண் நடுச்சொல்லை நீக்கியிருந்தாள். நீக்கியதோடு நிறுத்தியிருந்தாள். ஒரு பக்கம் 'பெரியசாமி', மறுபக்கம் 'ஓட்டல்', நடுவே அதே அளவு நீல வெற்றிடம். கள்ளக்குறிச்சியைக் கண்ணால் கண்டிராத ஒருத்தி, எங்கள் பெயின்டர் செய்ததையே கணினியில் செய்திருந்தாள்.

"வெற்றிடம் அழகா மூச்சு விடுதுன்னு சொல்றா" என்றாள் மகள். "நீங்களும் அதானே சொல்வீங்க, எழுத்துக்கு எடம் வேணும்னு?"

"இது அந்த எடம் இல்லம்மா." இருமல் ஓட்டலின் கதையை முதன்முறையாக அவளுக்கு முழுதும் சொன்னேன். கடையை அவள் அந்தப் பெயரால் அறிவாள்; வந்த காரணத்தை அறியமாட்டாள். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை.

கேட்டுவிட்டு, "ஊர்ல சரிப்பா. இங்க யாரு இதப் படிக்கப் போறாங்க?" என்றாள்.

"நான் படிப்பேம்மா" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. கையைத் துடைத்தபடி சூசை வந்து வரைபடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, டவுன் பஸ் நடத்துனரைப் போலவே கழுத்தை உயர்த்தி, "பெரியசாமி... க்ஹும்... ஓட்டல்லாம் எறங்கு!" என்றார்.

மூவரும் சிரித்தோம். முதலில் சிரிப்பை நிறுத்தியவள் தேன்மொழி.

"சூசைண்ணே, உங்க அப்பா எங்க கடைக்கு வந்திருக்காரா?"

"வராமயா? டெய்லி வருவாரு. சன்னலாண்ட."

"அதத்தான் அப்பா மூடிட்டாங்களே?"

"மூடிட்டாங்க. நல்லா சிமெண்ட் பூசி மூடிட்டாங்க." சூசை என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். "அப்பறம் எங்கப்பா உள்ள போயி டீ வாங்குவாரு. வாங்கிகினு வெளிய வந்து, அந்த மூடன சொவராண்டயே நின்னு குடிப்பாரு. உள்ள பென்ச்சு காலியா கீதேப்பான்னு நான் கேட்டா, கால் இங்க தான்டா நிக்கிதுன்னுவாரு. கடசி வரைக்கும் அப்டிதான்."

அந்த மனிதரை எனக்கு நினைவிருக்கிறது. தோளில் துண்டு, கையில் டம்ளர், சதுரத் தழும்பில் சாய்ந்த முதுகு. காற்றுக்காக நிற்கிறார் என்று எண்ணியிருந்தேன். அந்தச் சந்தில் காற்றே வராது என்பது, கட்டடத்தைப் பற்றி இத்தனை பேசும் எனக்கு, இப்போதுதான் தோன்றுகிறது.

தேன்மொழி கைபேசியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய் இசபெல்லோடு நெடுநேரம் பேசினாள். அதில் எனக்குப் புரிந்த பிரெஞ்சுச் சொல் ஒன்றே ஒன்று: சன்னல்.

பலகை ஏறிவிட்டது. பெரியசாமி ஓட்டல், இரு சொற்களும் ஒட்டி, நட்டநடுவில். கீழே பிரெஞ்சில் உணவகம் என்று, சட்டம் கேட்டதற்கும் மேலாகப் பெரிதாக. பட்டம் இருந்த இடம் பலகையில் எங்குமே இல்லை. கவின் விளையாட்டில் தன் பெயரை இன்னும் மாற்றவில்லை. அவனுக்கு எப்படிச் சொல்வதென்று நானும் அவன் தாயும் ஆளுக்கொரு பக்கம் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

திறப்புவிழாக் காலையில் நானும் சூசையும் தெருவின் எதிர்ப்புறம் போய் நின்று அண்ணாந்து பார்த்தோம். பனி தூறிக்கொண்டிருந்தது. எழுத்து நன்றாக இருந்தது. மார்க் போடும் நிலையில் நான் இல்லை.

"படிங்க சூசை" என்றேன்.

"பெரியசாமி ஓட்டல்" என்று ஒரே மூச்சில் படித்தார். எங்கும் நிற்கவில்லை. என் தோள் இறங்கியது. தெருவைக் கடக்கக் காலை எடுத்து வைத்தேன்.

பின்னால் அவர் இருமினார்.

திரும்பிப் பார்த்தேன்.

"குளுருண்ணா" என்றார். மப்ளர் மூக்குவரை சுற்றியிருந்தது. கண்கள் மட்டும்தான் தெரிந்தன.